வட்டணியும் காவல் வட்டும்

ஓசூர் மாநகராட்சியுள் அடங்கிய மூக்கண்டப்பள்ளி நாம் பிறந்து வளர்ந்த ஊராகும். சில கல் தொலைவிற் கருநாடக எல்லை. தெருவில் இறங்கி நடந்தால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறி மாறிச் செவியில் வீழும். சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் கேழ்வரகு விளைந்த கொல்லைகளில் தொழிற்சாலைகள் எழுந்தன. பெரிய ஆலைகளைச் சூழ்ந்து, அவற்றிற்கு வேண்டும் உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பல தோன்றின. அவற்றுள் ஒன்று நம் பெரிய தந்தையாருடையது. அப்பட்டறையில் நேர்ந்த ஒரு நட்டமே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய நாம் கணிப்பொறியைப்பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும் ஏட்டில் எழுதியவை எங்ஙனம் அழிந்தன, எங்ஙனம் பிழைத்தன என்பதனை நாடோறும் வகுப்பிற் கேட்டு வருகின்றோம். வட்டில் எழுதியவை அழிவதும் பிழைப்பதும் அதனோடு ஒட்டிய செய்தியே என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

பெரிய தந்தையாரின் பட்டறையில் ஏழு சி.என்.சி. இயந்திரங்கள் உள. கடைந்து கொடுக்கும் ஒவ்வோர் உறுப்பிற்கும் வரைபடம் ஒன்று, இயந்திரத்தை நடத்தும் புரோகிராம் ஒன்று, அளவு பார்த்த பதிவு ஒன்று என மூன்று கோப்புகள் வேண்டும். ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்த இக்கோப்புகள் யாவும் அலுவலக அறையின் மூலையிலிருந்த ஒரு சர்வரில் அடங்கியிருந்தன. அதனுள் நான்கு ஹார்டு டிஸ்குகள் இருந்தன. அதனை நிறுவிச் சென்றவர், 'நான்கில் ஒன்று கெட்டாலும் ஒன்றும் போகாது' என்று உறுதி கூறிச் சென்றார். அவ்வுறுதி பொய்யன்று.

ஒரு தை மாதத்திற் சர்வரினின்றும் 'பீப், பீப்' என்று ஓயாது ஓர் ஒலி எழுந்தது. கணக்கெழுதுவோர்க்கு அவ்வொலி இடையூறாயிருந்தமையின், யாரோ ஒருவர் அதனை நிறுத்தும் வழியறிந்து நிறுத்திவிட்டார். கோப்புகள் முன்போலவே திறந்தன. வேலை முன்போலவே நடந்தது. நான்கு திங்கள் கழிந்தன. ஒரு நாள் நண்பகலில் எல்லாக் கோப்புகளும் ஒருங்கே மறைந்தன. முதல் வட்டு தையிலேயே இறந்திருந்தது. அன்று இறந்தது இரண்டாவது வட்டு.

அதன்பின் பட்ட பாடு பெரிது. சில புரோகிராம்கள் இயந்திரங்களின் நினைவிலேயே தங்கியிருந்தன. சில வரைபடங்களை வாடிக்கையாளரிடமிருந்து திரும்பக் கேட்டுப் பெற்றனர். மேற்பார்வையாளர் தம் சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்பேட்டிலிருந்து சில அளவுகள் கிடைத்தன. எஞ்சியவற்றை மீண்டும் முதலிலிருந்து செய்தனர். இரண்டு பணிகள் தவணை தவறிக் கைநழுவின. அத்திங்களிற் கூலி பதினொரு நாள் தாழ்த்தே கொடுக்கப்பட்டது. அன்றிரவு பெரிய தந்தையார் நம்மை நோக்கி, 'ஒன்று கெட்டால் ஒன்றும் போகாது என்றார்களே, தம்பி! அந்த ஒன்று கெட்டது எனக்குத் தெரியவே இல்லையே' என்றார். இச்சொல்லுக்கு விடை தேடப் புகுந்தே இப்பொருளைக் கற்றோம். நம் ஊரினரும் பெங்களூரில் ஒரு கணிப்பொறிக் கூடத்திற் பணிபுரிபவருமாகிய அண்ணன் ஒருவர், விடுமுறை நாட்களில் உடனிருந்து கற்பித்தார்.

முதற்கண் வட்டின் இயல்பை அறிதல் வேண்டும். ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சுடைய தட்டுகள் மிகு விரைவாகச் சுழலும் ஒரு பெட்டி. முதன்முதல் ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த வட்டுப்பொறியில் இரண்டடிக் குறுக்களவுடைய தட்டுகள் ஐம்பது இருந்தன. அவ்வளவும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று உள்ளங்கையில் அடங்கும் 4 டெராபைட் வட்டு அதனினும் எட்டு இலட்சம் மடங்கு கொள்ளும். எனினும் சுழல்வது தேயும், தேய்வது நிற்கும். கெடாத வட்டு என்று ஒன்று இல்லை. ஆதலின், 'வட்டு கெடுமா?' என்று வினவுவதில் பயனில்லை. 'கெடும் நாளில் நாம் என் செய்வோம்?' என்பதே வினவத்தக்கது.

இவ்வினாவிற்குத் தெளிவானதோர் விடை 1988-ஆம் ஆண்டிற் பிறந்தது. அமெரிக்க நாட்டிற் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் என்னும் மூவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெருவட்டு ஒன்றை வாங்குவதினும், விலைகுறைந்த சிறு வட்டுகள் பலவற்றை ஓரணியாகச் சேர்த்து, அவற்றுள் ஒன்று கெடினும் மற்றவை ஈடுசெய்யுமாறு அமைப்பது சாலும் என்பதே அவர் கொள்கை. அவ்வணிக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே 'ரெய்டு' என்றாயின. வருமான வரியினர் கடைவீதியில் நடத்தும் ரெய்டு வேறு, இது வேறு. இக்கருத்தின் ஒரு கூறு அவர்க்கும் முற்பட்டது. கெட்ட வட்டின் பொருளை ஏனைய வட்டுகளிலிருந்து மீட்கும் முறைக்கு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த நார்மன் கென் ஔச்சி என்பவர் 1978-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

இனி அணியின் வகைகளைச் சுருங்கக் கூறுவாம். ரெய்டு 0 என்பது கோப்பைத் துண்டுகளாக்கிப் பல வட்டுகளிற் பரப்பி வைப்பது. விரைவு மிகும், காவல் சிறிதும் இல்லை. ஒரு வட்டு கெடின் அனைத்தும் போம். ரெய்டு 1 என்பது கண்ணாடி போல்வது. ஒரு வட்டில் எழுதுவதனையே மற்றொன்றிலும் எழுதும். காவல் உண்டு, ஆயினும் கொள்ளளவிற் பாதி போய்விடும். ரெய்டு 5 இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. நம் பெரிய தந்தையார் பட்டறையில் இருந்ததும் இதுவே. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைத்தல் நலம்.

நான்கு வட்டுகளைக் கொண்ட ரெய்டு 5 அணியில், மூன்று வட்டின் அளவிற்கு நம் பொருள் தங்கும். ஒரு வட்டின் அளவிற்குப் 'பாரிட்டி' எனப்படும் சரிபார்ப்புக் குறி தங்கும். கணிப்பொறிக்கு எல்லாம் 0, 1 என்னும் இரண்டே குறிகள். மூன்று வட்டுகளில் ஓரிடத்தில் 1, 0, 1 என்று இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுகளின் தொகை எப்பொழுதும் இரட்டைப்படையாதல் வேண்டும் என்பது விதி. இங்கே ஒன்றுகள் இரண்டு. தொகை முன்னரே இரட்டை. ஆதலின் நான்காம் வட்டில் 0 எழுதப்படும். இப்பொழுது மூன்றாம் வட்டு கெட்டுவிட்டது. எஞ்சியவை 1, 0, 0. தொகை இரட்டையாக வேண்டுமாயின் மறைந்த குறி 1 ஆதல் வேண்டும். கணக்கு நேரே விடை தருகின்றது. கெட்ட வட்டிலிருந்த ஒவ்வோர் எழுத்தும் இவ்வாறே ஏனைய மூன்றிலிருந்து பிழையற மீளும். பாரிட்டிக் குறிகள் முழுவதும் ஒரே வட்டில் வைக்கப்படுவதில்லை. எல்லா வட்டுகளிலும் முறைவைத்துப் பரப்பப்படும்.

இரண்டாம் வட்டும் மூன்றாம் வட்டும் சேர்ந்து கெட்டனவென்க. எஞ்சியவை முதல் வட்டின் 1, நான்காம் வட்டின் 0. மறைந்தவை 0, 1 ஆகவும் இருக்கலாம். 1, 0 ஆகவும் இருக்கலாம். இரண்டிலும் தொகை இரட்டையே. எது மெய் என்று துணியக் கணக்கிற்கு வழியில்லை. நம் பட்டறையில் இரண்டு நல்ல வட்டுகள் எஞ்சியிருந்தும் ஒரு வரைபடமேனும் திறவாமைக்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக நான்கிலும் சிதறிக் கிடந்தமையின், எஞ்சிய இரண்டில் இருந்தவை வெறும் துணுக்குகளே.

இதனைக் கற்றபொழுது நம் பாடத்திலுள்ள ஒரு செய்தி நினைவிற்கு வந்தது. முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைத்திலது. புறத்திரட்டு என்னும் தொகுப்பைச் செய்தவர் அதிலிருந்து எடுத்துச் சேர்த்த நூற்றுக்குச் சிறிது மேற்பட்ட பாடல்களே இன்றுள்ளன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் மறைந்தன. மறைந்த பாடல்களுட் சில, உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களால் வெளிப்பட்டன. புறநானூற்றில் 267, 268 என்னும் எண்ணுடைய பாட்டுகள் எவ்வழியானும் கிட்டவில்லை. ஏட்டுலகில், மறைந்ததனை மற்றொன்றிலிருந்து மீட்பது நல்வினைப் பயனாய் நேர்ந்தது. வட்டணியிலோ அதனை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கின்றனர். இத்துணையே வேறுபாடு.

ரெய்டு 6 என்பது ஒவ்வொரு வரிசைக்கும் வெவ்வேறு முறையிற் கணித்த இரண்டு குறிகளை எழுதி வைப்பது. தெரியாதவை இரண்டாயினும் சமன்பாடுகளும் இரண்டு ஆதலின், எந்த இரண்டு வட்டுகள் கெடினும் பொருள் மீளும். ரெய்டு 10 என்பது கண்ணாடி இணைகள் சிலவற்றை ஓரணியாக்குவது. எழுதுவதும் சீர்ப்படுவதும் விரைவு. ஆயினும் ஒரே இணையைச் சார்ந்த இரண்டும் கெடின் அனைத்தும் கெடும்.

நிற்க. இனிக் காவல் வட்டிற்கு வருவோம். கிருட்டிணகிரிச் சாலையிற் செல்லும் லாரிகளின் அடியில் தொங்கும் ஸ்டெப்னியை அறியாதார் இலர். ஓடுகின்ற சக்கரம் ஒன்று வெடித்தால் மாற்றுவதற்கென்றே அதனைச் சுமந்து செல்கின்றனர். அது பாரத்தைத் தாங்குவதில்லை, வேகத்தைக் கூட்டுவதுமில்லை. ஆயினும் அஃதின்றிப் புறப்படும் ஓட்டுநரை முதலாளி ஏசுவார். வட்டணிக்கும் இத்தகைய ஸ்டெப்னி ஒன்று உண்டு. அதனை 'ஹாட் ஸ்பேர்' என்பர். நாம் காவல் வட்டு என்போம். அது மின்னிணைப்புப் பெற்றுத் தன் இடத்திற் பொருந்தியிருக்கும். அதனுள் நம் பொருள் யாதும் இராது. அணியில் ஒரு வட்டு கெட்டவுடன், மனிதர் கைபடாமலே, கண்ட்ரோலர் எனப்படும் ஆளுகைப் பலகை காவல் வட்டை அணியுட் சேர்த்து, இழந்தவற்றைக் கணக்கிட்டு அதில் எழுதத் தொடங்கும். நள்ளிரவாயினும் ஞாயிற்றுக்கிழமையாயினும் அது காத்திராது.

இச்செயலை 'ரீபில்டு' என்பர். இதற்குப் பிடிக்கும் காலம் சிறிதன்று. 4 டெராபைட் வட்டில் நொடிக்கு 150 மெகாபைட் வீதம் இடைவிடாது எழுதினும் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். பட்டறை நடந்துகொண்டிருக்கும்பொழுது ஒருநாள் முழுதும் ஆதலும் உண்டு. அத்துணை நேரமும் எஞ்சிய வட்டுகள் முதலிலிருந்து முடிவுவரை படிக்கப்படுகின்றன. அவ்வட்டுகளும் அதே வயதின. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியனவாதலின் அவையும் தளர்ந்திருத்தல் கூடும். ரெய்டு 5 அணியில் இவ்வேளையில் இரண்டாவது ஒன்று வீழ்ந்தால் மீட்சியில்லை. ஆதலின் இவ்வேளை எத்துணைச் சுருங்குமோ அத்துணை நன்று. காவல் வட்டு இருந்தால் அது சில மணி நேரமே. அஃதில்லையேல், வட்டு கெட்டது தெரிந்து, கடைக்குச் சொல்லி, வட்டு வந்து, மாற்றும் வரையில் உள்ள நாட்கள் யாவும் அதனோடு சேரும். நம் பெரிய தந்தையார்க்கு அது நான்கு திங்கள் ஆயிற்று.

அணி செய்வது யாது என்பது இப்பொழுது விளங்கும். அணி நமக்கு அவகாசம் தருகின்றது. அதற்குமேல் ஒன்றும் தருவதில்லை. அவ்வவகாசத்தைப் பயன்படுத்துவார் இல்லையேல் அணி இருந்தும் இல்லாததே.

பட்டறைக்குப் புதிய சர்வர் வந்தபொழுது அதனை அமைத்த முறையை வரிசையாகக் கூறுவோம். வட்டுகள் ஐந்து, ஒவ்வொன்றும் 4 டெராபைட். முதல் வேலை, ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி அதன் தட்டின் முகப்பில் ஒட்டுதல். இது சிறு வேலையாயினும் பெரும் பயனுடையது. கெட்ட வட்டென்று மயங்கி நல்ல வட்டைப் பிடுங்கி, அதனாலேயே அணியை அழித்தவர் கதைகளை அண்ணன் பல சொன்னார்.

அடுத்து, பொறி எழும்பொழுது கண்ட்ரோலரின் அமைப்புத் திரைக்குள் நுழைதல் வேண்டும். அதற்கு அழுத்தும் விசை நிறுவனத்திற்கேற்ப மாறும், திரையிலேயே குறிக்கப்பட்டிருக்கும். உள்ளே வட்டுகளின் பட்டியல் தோன்றும். புதிய வட்டுகள் 'இன்னும் எவ்வணியிலும் சேராதவை, நல்லவை' என்ற பொருள்பட நிற்கும். முன்னர் வேறோர் அணியில் இருந்த வட்டாயின் 'ஃபாரின்', அஃதாவது அயலது, என்று காட்டும். அவ்வேளை அதனை அழிப்பதா, உள்ளிருக்கும் அணியை ஏற்பதா என்று பொறி வினவும். பழைய பொருள் வேண்டுமாயின், அழிக்கும் விடையைத் தொடலாகாது.

மூன்றாவது, எவ்வகை அணி என்று துணிதல். இங்கே பெரிய தந்தையார்க்கும் அண்ணனுக்கும் நல்லதொரு வாதம் நிகழ்ந்தது. நான்கு வட்டில் ரெய்டு 5 அமைத்து ஐந்தாவதைக் காவலாக வைத்தால் 12 டெராபைட் கிடைக்கும். ஐந்து வட்டிலும் ரெய்டு 6 அமைத்துக் காவலின்றி விட்டாலும் அதே 12 டெராபைட்டே கிடைக்கும். 'இரண்டும் ஒன்றுதானே?' என்றார் பெரிய தந்தையார். 'அன்று, பெரியப்பா. முதல் வகையில் ஐந்தாம் வட்டு வேலை தொடங்கிச் சில மணி கழிந்தே துணையாகும். இரண்டாம் வகையில் அது முன்னரே உழைத்துக்கொண்டிருக்கும். ஒன்று விழுந்த நொடியிலும் இன்னொன்று விழலாம் என்ற இடம் இருக்கும்' என்று அண்ணன் விளக்கினார். முடிவில், பட்டறைக்கு 8 டெராபைட்டே மிகையாதலின், நான்கு வட்டில் ரெய்டு 6 அமைத்து ஐந்தாவதைக் காவலாக நிறுத்தினர். ஆயுத பூசையை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் பட்டறை நாட்கணக்கில் மூடியிருக்கும். அக்காலத்தில் மணியொலி கேட்பார் எவருமில்லை என்பதே அதற்குக் காரணம்.

நான்காவது, அணியின் உள்ளமைப்பு. துண்டின் அளவு, படிக்கும் முறை, எழுதும் முறை என்பவற்றைப் பொறி வினவும். துண்டின் அளவைப் பொறி தானே காட்டும் அளவில் விட்டுவிட்டனர். எழுதும் முறையில்தான் கருத்து வேண்டும். 'ரைட் பேக்' என்னும் முறையிற் கண்ட்ரோலர், எழுத வேண்டியதனைத் தன் நினைவில் வாங்கிக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று உடனே கூறிவிடும். வட்டில் எழுதுவது பிறகு. விரைவு மிகும். ஆனால் அவ்விடைவெளியில் மின்சாரம் நின்றால் நினைவிலிருந்தது போய்விடும். ஆதலின் கண்ட்ரோலரில் பேட்டரி அல்லது அதனையொத்த காப்பு நல்ல நிலையில் இருந்தாலொழிய இம்முறையைக் கொள்ளலாகாது. காப்பில்லாதவர் 'ரைட் த்ரூ' என்னும் மெதுவான முறையைக் கொள்வதே அறிவுடைமை.

ஐந்தாவது, அணியைத் தொடக்கநிலைப்படுத்தல். இது வட்டுகளிலுள்ள பழையனவற்றை நீக்கி, குறிகளை ஒழுங்குசெய்வது. இதன்பின்னர்க் காவல் வட்டை நியமிக்க வேண்டும். காவலிலும் இருவகை உண்டு. 'குளோபல்' என்பது ஊர்க்காவலன் போல, பொறியிலுள்ள எவ்வணிக்கும் உதவுவது. 'டெடிகேட்டடு' என்பது ஒரு வீட்டுக் காவலன் போல, ஓரணிக்கே உரியது. இரண்டிற்கும் பொதுவான விதிகள் சில உள. காவல் வட்டின் கொள்ளளவு அணியிலுள்ள வட்டினுங் குறையலாகாது. வேறு நிறுவனத்து வட்டு, மேலே 4 டெராபைட் என்று எழுதியிருப்பினும், உண்மையிற் சிறிது குறைந்திருந்தால் ஏற்கப்படாமற் போதலும் கூடும். சாட்டா வகை அணிக்குச் சாட்டா வகையும், சாஸ் வகைக்குச் சாஸ் வகையுமே பொருந்தும். சிறிய ஸ்டெப்னியைப் பெரிய லாரிக்கு மாட்ட முடியாதன்றோ?

ஆறாவதாக அண்ணன் செய்ததே எம்மை அச்சுறுத்தியது. கோப்பு எதனையும் ஏற்றுவதற்கு முன்னர், ஓடிக்கொண்டிருந்த பொறியிலிருந்து இரண்டாம் வட்டைக் கையாற் பற்றி வெளியே இழுத்தார். 'ஐயோ, என்னப்பா செய்கிறாய்!' என்று பெரிய தந்தையார் எழுந்துவிட்டார். மணி ஒலித்தது, விளக்கு நிறம் மாறியது, சிறிது நேரத்திற் காவல் வட்டின் விளக்கு விரைந்து இமைக்கத் தொடங்கிற்று. திரையில் ரீபில்டு ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்று ஏறியது. 'இந்த ஒலியை எல்லாரும் ஒருமுறை கேட்டு வையுங்கள். இது கேட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். வாயை அடைத்துவிடாதீர்கள்' என்று பணியாளர் அனைவரையும் அழைத்துச் சொன்னார். மறுநாட் காலையிற் காவல் வட்டு முழு உறுப்பாகியிருந்தது. பிடுங்கிய வட்டைத் திரும்பச் செருகியபொழுது பொறி அதனை அயலது என்றது. உள்ளிருந்ததை அழித்து அதனையே புதிய காவலாக நியமித்தோம். சில கண்ட்ரோலர்கள், புதிய வட்டு வந்ததும் காவலிலிருந்து பொருளை அதற்கு மாற்றிக் காவலைப் பழைய இடத்திற்கே அனுப்புவதும் உண்டு. அதனைக் 'காப்பி பேக்' என்பர்.

ஏழாவதும் இறுதியுமானது, நாள்தோறும் நடக்கவேண்டிய காவல். வட்டு கெட்டால் மூவர்க்கு மின்னஞ்சல் செல்லுமாறு அமைத்தனர். ஒருவர் ஊரில் இல்லையேல் மற்றொருவர் இருப்பார். வட்டுகளின் படிக்கவியலாத இடங்களைத் தானே தேடும் 'பெட்ரோல் ரீடு' என்னும் உலாவையும், குறிகள் பொருந்துகின்றனவா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் சோதனையையும் இயக்கினர். காற்றிறங்கிய ஸ்டெப்னி ஸ்டெப்னியன்று; அவ்வாறே, காவலில் நிற்கும்பொழுதே கெட்டுப்போன வட்டும் உண்டு. அதனையும் சோதித்தல் வேண்டும். திங்கட்கிழமை தோறும் முதலில் வருபவர் ஐந்து விளக்குகளையும் பார்த்து, வருகைப் பதிவின் பக்கத்தில் தொங்கும் தாளிற் கையொப்பமிட வேண்டும் என்று பெரிய தந்தையார் தாமே விதித்தார். நாம் கண்ட ஏற்பாடுகள் யாவற்றிலும் இதுவே மலிவானது.

இத்துணையும் செய்தபின் ஐயம் ஒன்று எழலாம். இனிக் கோப்புகட்கு இடரே இல்லையோ என்பது அது. இல்லை என்று சொல்லுதற்கில்லை. வட்டு கெடுதல் ஒன்றற்கே அணி மருந்து. தவறிப்போய் ஒருவர் ஒரு கோப்பை அழித்தால், அணி அவ்வழிவையும் எல்லா வட்டுகளிலும் உடனே, உண்மையாக எழுதிவிடும். ரான்சம்வேர் என்னும் தீய நிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டினாலும் அவ்வாறே. 1998-ஆம் ஆண்டில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த பிக்ஸார் நிறுவனத்தில், தவறான கட்டளை ஒன்று படத்தின் கோப்புகளை அழிக்கலாயிற்று. பேக்கப்பை நாடினர், அது பழுதுபட்டிருந்தது. காலின் சஸ்மன் என்னும் பெண்மணி, குழந்தை பிறந்திருந்தமையின் வீட்டிலிருந்தே பணியாற்றற்குத் தம் கணிப்பொறியில் ஒரு படி வைத்திருந்தார். அப்படியே படத்தைக் காத்தது.

தீயும் வெள்ளமும் வந்தால் ஓரறையிலுள்ள ஐந்து வட்டும் ஒன்றே. தமிழராகிய நமக்கு இதனை உணர்த்த அயல்நாட்டுக் கதை வேண்டியதில்லை. 1981-ஆம் ஆண்டு மே 31 முதல் ஜூன் 1 வரை நிகழ்ந்த கொடுமையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் அச்சிட்டவை பலவற்றிற்கு வேறிடத்திற் படிகள் இருந்தன. வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளுக்கு மீட்சியில்லை. பின்னாளில் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகமும் தமிழ் நூல்களை மின்வடிவிற் பரப்பலாயின. இவற்றின் படிகள் இன்று உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் உள்ளன; ஒரு கட்டிடத்தின் தீ அவற்றைத் தீண்டாது.

ஆதலின் அறிந்தோர் கூறும் எளிய விதி ஒன்றுண்டு. படிகள் மூன்று, இருவேறு வகைப் பொருளில், ஒன்று வேறிடத்தில். பெரிய தந்தையார் பட்டறையில் வெள்ளிதோறும் மாலையில் ஒரு வெளி வட்டிற்குப் படி எடுத்து, அதனைப் பொறியினின்றும் பிரித்து, அவர் தம் வீட்டிற்குக் கொண்டுசெல்கின்றார். இணையவழியிற் பிறிதோர் இடத்திற்கும் ஒரு படி செல்கின்றது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை அப்படியிலிருந்து திறந்து பார்க்கின்றனர். திறந்து பாராத படி, படியென்று எண்ணத்தக்கதன்று.

இவ்வளவும் கண்டு விடுமுறை கழிந்து கல்லூரிக்குத் திரும்பிய நாளில், நம் விடுதி அறையில் ஒரு காட்சி கண்டோம். மூத்த மாணவர் ஒருவர், ஓராண்டு உழைத்துத் தொகுத்த நாட்டுப்புறப் பாடல்களையும் ஆய்வேட்டையும் ஒரே பென் டிரைவில் வைத்து, அதனைச் சாவிக்கொத்தில் மாட்டித் திரிந்தார். பாடிய மூதாட்டியருள் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார் என்றும் கூறினார். அன்றிரவே அவரை அமர்த்தி மூன்று படிகள் எடுக்கச் செய்தோம். ஒன்று அவர் கணிப்பொறியில், ஒன்று துறைத் தலைவர் இசைவுடன் தமிழ்த்துறைக் கணிப்பொறியில், ஒன்று ஊரிலுள்ள அவர் தமக்கையாரிடத்தில்.

இம்மலரைப் படிக்கும் மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் கோப்புகளை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டுகின்றோம். யாவர்க்கும் ஐந்து வட்டு அணி வேண்டுவதில்லை, கண்ட்ரோலரும் வேண்டுவதில்லை. வேறிடத்தில் ஒரு படியும், அதனைத் திறந்து பார்க்க மாதத்தில் ஒரு நாளும் வேண்டும். மணி ஒலித்தால், ஏன் ஒலிக்கின்றது என்று கேளாமல் அதனை நிறுத்தாதிருத்தலும் வேண்டும்.